நடுவில் நிற்பவர் யாருக்குப் பொறுப்பு?



செலாயாங் மருத்துவமனை வாசலில் ஒரு மூதாட்டி சக்கர நாற்காலியில் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீடு பிரிக்பீல்ட்ஸில். மகள் கைத்தொலைபேசிச் செயலியில் வாடகைக் காருக்குச் சொல்கிறார். சில விநாடிகளில் கார் உறுதியாகிறது. வந்த காரின் பின்பெட்டியோ மிகச் சிறியது. நாற்காலி வைக்க இடமில்லை. மகளுக்குக் காத்திருப்பு, ஓட்டுநருக்கு வீண் அலைச்சல். இருவர் மேலும் தவறில்லை. அப்படியானால் தவறு எங்கே?

இருவரையும் இணைத்த மென்பொருளில்தான்.

நமக்காகத் தாமே பேசி முடிவெடுக்கும் மென்பொருள்களைக் கணினித் துறையினர் 'முகவர்' என்பர். வேலை தேவைப்படும் முகவர் அறிவிப்புச் செய்ய, மற்றவை தம் நிபந்தனையைச் சொல்ல, ஏற்றதற்கு வேலை போய்ச் சேரும் முறையை ரீட் ஸ்மித் 1980இல் வெளியிட்டார். ஏறக்குறைய ஏலம் மாதிரி. முகவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினால் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அங்கே நடுவர் தேவைப்படுகிறார்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் காத்தியா சைகாரா குழுவினர் 1990களில் இந்த நடுவர்களை ஆராய்ந்தனர். ஒரு வகை, கல்யாணத் தரகரைப் போன்றது. பொருத்தமானவர்களைக் காட்டிவிட்டு ஒதுங்கிவிடும். பேசி முடிப்பது இரு வீட்டார் பாடு. இன்னொரு வகை, வேலையைத் தானே வாங்கித் தானே ஒருவரிடம் ஒப்படைக்கும். கேட்டவருக்குத் தேர்வு செய்யும் வாய்ப்பு குறைவு.

நம் நாட்டில் 2012இல் அந்தோணி டானும் டான் ஹூய் லிங்கும் தொடங்கிய மைடெக்சி, பிற்காலத்தில் கிராப் ஆனது. இன்று கார் முதல் சாப்பாடு வரை இத்தகைய செயலிகள் வழியாகவே பலருக்கு வந்து சேர்கிறது.

சைகாரா குழு இன்னொன்றையும் செய்து காட்டியது. தேவையையும் சேவையையும் சொல்லுக்குச் சொல் மட்டுமல்ல, பொருளுக்குப் பொருளும் ஒப்பிடலாம். 'சக்கர நாற்காலி ஏற்ற வேண்டும்' என்பவருக்கு 'பின்புறம் விசாலமான வேன்' பொருந்தும் என்று கணினிக்குக் கற்பிக்கலாம். ஆனால் கேட்பவர் அதைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். ஓட்டுநர் தம் வண்டியைப் பற்றிச் சொல்லவும் இடம் வேண்டும். படிவத்தில் இல்லாததை எந்தக் கணினியாலும் பொருத்த முடியாது. தூரமும் கட்டணமும் மட்டும் தெரிந்த நடுவருக்கு, பாட்டியும் ஒரு பயணி, அவ்வளவுதான்.

டாக்சி நிலையத்தில் நின்ற மனிதர் பாட்டியைப் பார்த்ததும் பெரிய வண்டியைக் கைகாட்டி அழைத்திருப்பார். அந்தக் கண் மென்பொருளுக்கு இல்லை. கேள்வி கேட்கும் வாய் இருக்கலாம்.

விரைவாகக் கிடைப்பது வேறு, பொருத்தமாகக் கிடைப்பது வேறு. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை நிரப்புவது, நடுவில் நிற்பவரின் கடமை.