இளமாணியும் முதுமாணியும்: வித்தியாசம் எங்கே?

(அப்பாசியாவில் நடந்த சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



அண்மையில் ஒரு தகப்பன் என்னிடம் வந்தார. மகன் உயிரித் தகவலியலில் பட்டம் பெற்றவன். மரபணு, புரதம் பற்றிய தரவுகளைக் கொம்பியூட்டரால் ஆராய்கிற படிப்பு அது. பிறகு ஓரிடத்தில் காசு கட்டிப் பட்டப்பின் டிப்ளோமாவுக்குச் சேர்ந்திருக்கிறான். “தம்பி, முதலாம் வருஷம் படிச்சதைத்தான் திரும்பவும் படிப்பிக்கினமாம். இது மேற்படிப்போ?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஓர் உதாரணம் சொல்கிறேன்.

1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் சகாக்களும் ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எங்கே திரும்பினால் அணுக்கள் முட்டும் என்று அது காட்டும். இன்றும் உலகமெங்கும் படிப்பிக்கிறார்கள்.

இளமாணி மாணவனிடம் ஒரு புரதத்தைக் கொடுத்து, “வரைபடம் கீறு, தடைப்பட்ட பகுதியில் எத்தனை புள்ளி விழுகுது?” என்று கேட்கலாம். அவன் எண்ணிச் சொல்லி, காரணத்தையும் விளக்கினால் போதும். விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும்.

முதுமாணி மாணவன் அதோடு நிற்கக் கூடாது. அந்தப் புள்ளி கிளைசீனா? அதற்குப் பக்கச் சங்கிலியாக ஒரு ஹைதரசன் அணு மட்டுமே இருப்பதால், மற்றவை போக முடியாத இடத்துக்கும் அது போகும். இல்லையென்றால் பரிசோதனைத் தரவு பிழையா? இந்த அமைப்பை நம்பி ஆய்வைத் தொடரலாமா? முடிவெடுத்து, அதற்குப் பொறுப்பும் அவனே சொல்ல வேண்டும்.

மென்பொருள் ஒன்றுதான். கேள்விதான் வேறு. புதிய மென்பொருளின் பெயரைப் போட்டதால் படிப்பு உயர்ந்துவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உயிரியல் படித்தவனுக்கு நிரல் எழுதத் தெரியாது. கொம்பியூட்டர் படித்தவனுக்கு உயிரியல் தெரியாது. தொடக்கத்தில் அடிப்படைப் பாடம் வைப்பது குற்றமில்லை. முடிவு வரைக்கும் அதுவே என்றால்தான் ஏமாற்றம்.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் நாலு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் நிலை, பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் நிலை, ஆய்வோடு கூடிய முதுமாணி 10ஆம் நிலை. பெயரளவில் ஏறினால் போதாது, வேலையும் ஏற வேண்டும்.

பெற்றோரே, காசு கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். பிள்ளை தானே ஓர் ஆய்வுக் கேள்வியை எடுப்பானா? வெளிவந்த கட்டுரைகளைக் குறை நிறை பார்க்கப் பழக்குவார்களா? நீங்கள் போக நினைக்கிற நாட்டில் அந்தச் சான்றிதழை ஏற்பார்களா? ஊர் விட்டு ஊர் வந்த எங்களுக்குப் படிப்புத்தான் கையோடு கொண்டுபோகக் கூடிய சொத்து. அதைப் பார்த்து வாங்குவோம்.