சேற்றில் ஒரு பந்தயம்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)

வழக்கமாக இந்தக் கூடுகையில் நான் தியானம் கொடுப்பேன். இந்த முறை ஒரு சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் என் மனைவி, "காணிக்கை கொடுத்தவங்க இதைக் கேக்கவா வர்றாங்க?" என்று கேட்டாள். ஆனாலும் பேசுகிறேன்.

சென்ற ஆண்டு நம் ஆண்கள் வார்டில் ஒரு சகோதரர் நீண்ட நாள் இருந்தார். சத்திரப்பட்டிப் பக்கத்து நெசவாளி. மருத்துவமனைகளில் காயத்துக்குக் கட்டும் துணி அங்கே விசைத்தறிகளில் நெய்யப்படுவது உங்களுக்குத் தெரியும். அதை நெய்கிறவருக்கே சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. செயற்கைக் கால் பொருத்தியாயிற்று. ஆனால் பகலில் நடக்கமாட்டார். பார்வையாளர்கள் எல்லாரும் போய், வார்டில் விளக்கைக் குறைத்த பிறகுதான் சுவரைப் பிடித்து நாலு அடி வைப்பார்.

நான் அவரிடம், "மெதுவாக நடப்பதில் வெட்கம் என்னப்பா?" என்று பலமுறை சொன்னேன். ஒருநாள் அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: "ஐயா, நாலு பேர் பாக்க நீங்க எப்பவாவது எல்லாருக்கும் கடைசியா வந்திருக்கீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. மதுரை அரசரடியில் இறையியல் படித்த நாளிலிருந்து, பவுல் அப்போஸ்தலன் பந்தயத்தைப் பற்றி எழுதிய பகுதிகளை வைத்து நாற்பது பிரசங்கமாவது செய்திருப்பேன். ஒரு பந்தயத்திலும் நான் கலந்துகொண்டதில்லை.

அந்த வாரம்தான் ராஜபாளையத்து இளைஞர் சிலர் 'சைக்ளோகிராஸ்' என்று ஒரு பந்தயம் வைப்பதாகக் கேள்விப்பட்டேன். நூற்பாலையில் வேலை செய்கிற பையன்கள். காலையில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். பரிசுப் பணம் கிடையாது. வயது வரம்பு உண்டா என்று கேட்டேன். "தாத்தா, உங்களுக்கு இல்ல" என்றான் ஒருவன். டாக்டர் இரத்த அழுத்தம் பார்த்து, ஈ.சி.ஜி. எடுத்து, அரை மனதாய்ச் சம்மதித்தார். "விழுந்து இடுப்பை முறிச்சுக்கிட்டா உங்க ஆஸ்பத்திரியிலேயே படுக்கணும்" என்றாள் மனைவி.

இது என்ன பந்தயம் என்று கேட்பீர்கள். ஐரோப்பாவில் குளிர்காலத்தில், சாலைப் பந்தயம் இல்லாத மாதங்களில் நடப்பது. அடுத்த ஊர்க் கோவில் கோபுரத்தைக் குறியாக வைத்து, சாலையை விட்டு, வயலிலும் வேலியிலும் புகுந்து யார் முதலில் போவது என்று பையன்கள் போட்டியிட்டதில் பிறந்தது என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நாம் வரப்பு வழியே போவதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். டேனியல் கூஸோ என்ற பிரெஞ்சுக்காரர் 1902ல் பிரான்சின் முதல் தேசியப் போட்டியை நடத்தினார். 1910ல் பிரான்சைச் சுற்றும் பெரிய பந்தயத்தை வென்ற ஆக்டாவ் லாப்பீஸ், இந்தச் சேற்றுப் பயிற்சிதான் தனக்கு உதவியது என்றார். 1950ல் பாரிசில் முதல் உலகப் போட்டி நடந்தது. பெல்ஜியத்தில் இன்றைக்கும் இதற்குத் திருவிழாக் கூட்டம் கூடும்.

ஓட்டமும் வித்தியாசமானது. மூன்று கிலோமீட்டர் அளவில் ஒரு சுற்றுப் பாதை. புல், மணல், சேறு, படிக்கட்டு எல்லாம் அதில் இருக்கும். குறுக்கே 40 சென்டிமீட்டர் உயரம் வரை பலகைத் தடை வைத்திருப்பார்கள். அங்கே பெரும்பாலோர் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டி, ஓடியபடியே ஏறிக்கொள்வார்கள். ஏற்றம் வந்தால் தோளில் சுமந்து ஓடுவார்கள். ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, சுமக்கவும் தெரியவேண்டும்.

இன்னொன்று. நம் மாவட்டங்களில் அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாணவர்களுக்கு மிதிவண்டிப் போட்டி நடக்கிறதல்லவா? அதில் 10 கிலோமீட்டர், 15 கிலோமீட்டர் என்று தூரம் குறித்திருக்கும். இதில் கணக்கு நேரந்தான். பெரிய போட்டி ஒரு மணி நேரம் ஓடும். எங்களுக்கு 40 நிமிடம். முன்னே போகிறவன் சுற்றும் வேகத்தைப் பார்த்து மொத்தம் எத்தனை சுற்று என்று தீர்மானிப்பார்கள். அவன் முடித்துவிட்டால், மற்றவர்களும் தாங்கள் இருக்கிற சுற்றோடு முடித்துக்கொள்வார்கள். உலகப் போட்டிகளில் மிகவும் பின்தங்கியவரை வெளியேற்றிவிடுவதுண்டு. எங்கள் பையன்கள் அந்தச் சட்டத்தை வைக்கவில்லை. இல்லாவிட்டால் என் சாட்சி இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

கார்த்திகை மழை விட்ட வாரம். ராஜபாளையத்துக்குக் கிழக்கே ஒரு கண்மாய்க் கரையும் அதை ஒட்டிய மாந்தோப்புமாய்ப் பாதை போட்டிருந்தார்கள். மேற்கே மலை நன்றாய்த் தெரிந்தது. பதினான்கு பேர் நின்றோம். அவர்களிடம் தூக்குவதற்கு இலகுவான கியர் சைக்கிள்கள். என்னிடம் அம்பத்தூரில் செய்த பழைய ஹெர்குலிஸ். இருபது கிலோ இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே, நோயாளிகளின் வீடுகளுக்கு, பல வருஷம் நான் மிதித்த வண்டி அது. "மட்கார்டைக் கழற்றிடுங்க தாத்தா" என்றார்கள். அழகு போய்விடுமே என்று நான் கழற்றவில்லை.

கரிசல் மண்ணின் குணத்தை நான் மறந்துவிட்டேன். நூறு கெஜம் போவதற்குள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே சேறு அப்பிக்கொண்டது. சக்கரம் சுற்றவில்லை. வேப்பங்குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு மிதித்தேன்; மறுபடி அடைத்தது. முன்னே போன பையன் சுற்றி வந்து என்னைக் கடந்தபோது நான் குச்சியும் கையுமாக நின்றேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கெட்ட எண்ணத்தில் வந்ததல்ல என்று இன்று தெரிகிறது. அப்போது காது சுட்டது. தலைவலி என்று சொல்லித் தோப்புப் பக்கமாய் நழுவிவிடலாமா என்றுகூட யோசித்தேன். இதை உங்களிடம் மறைக்கவேண்டியதில்லை.

மடைப் பக்கத்தில் கரைமேல் ஏறும் படி. அங்கே இரண்டு ஊன்றுகோலோடு நம் நெசவாளர் நின்றார். சிஸ்டர் ஒருவர் ஆட்டோவில் அழைத்து வந்திருக்கிறார். வேட்டிக்குக் கீழே செயற்கைக் கால் தெரிய, அவ்வளவு பேருக்கு நடுவில் நின்றார். "ஐயா, தள்ளாதீங்க! தூக்குங்க!" என்று கத்தினார். பாரைத் தோளில் வைத்துத் தூக்கினேன். பன்னிரண்டு படி. நடுவில் இரண்டு முறை நின்றேன். மேலே போனதும் மூச்சு வாங்கியதில் ஏறி உட்கார முடியாமல் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போனேன்.

முதல் பையன் ஆறு சுற்று முடித்தபோது நான் மூன்றாவதில் இருந்தேன். கோட்டைத் தாண்டிய கடைசி ஆள் நான்தான். எனக்கு முந்தினவர் வந்து சில நிமிடந்தான் ஆகியிருந்தது. ஆகவே ஒருவரும் கலைந்து போகவில்லை. ஒரு பையன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வண்டியின் மேல் ஊற்றினான். அடுத்த வாளியை என்மேல் ஊற்றினான்.

நெசவாளர் வந்து, "எத்தனை பேர் பாத்தாங்கன்னு எண்ணினீங்களா ஐயா?" என்றார்.

"கண்ணெல்லாம் சேறப்பா, எங்கே எண்ணுவது?" என்றேன்.

அந்த வாரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு மாலை நாலு மணிக்கு, பார்வையாளர்கள் நிறைந்திருந்த வராந்தாவில், ஒற்றை ஊன்றுகோலோடு மருந்தகம் வரை போய்த் திரும்பினார். வழியில் நாலு இடத்தில் நின்றார். ஒரு சிறுமி அவர் காலைத் தொட்டுப் பார்த்தாள், தொடவிட்டார்.

வீட்டுக்கு அனுப்பிய நாளில் மருத்துவமனை வேனில் நானும் கூடப் போனேன். வீட்டு வாசல் வரை வண்டி போகும். அவர் தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னார். இருபுறமும் தறிச் சத்தம்; ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அவர் நடந்துபோனார். எனக்கு முழங்கால் வலி இன்னும் தீரவில்லை. நான் வேனிலேயே உட்கார்ந்திருந்தேன்.