பேச்சும் தரவும் செல்லும் வழி: தொலைத்தொடர்பில் முதற்கண் கற்க வேண்டுவன

(நமது சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட என்னை டெலிபோனைப் பற்றியும் இணையத்தைப் பற்றியும் பேசும்படி நிர்வாக சபையார் பணித்தமை உங்களுட் பலருக்கு வியப்பாயிருத்தல் கூடும். காரணத்தை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

சென்ற ஆண்டில் என் தமக்கையின் மகன் நம் சங்கத்துக் கல்வி நிதியினின்றும் பொருளுதவி பெற்று, ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு திங்கள் பயின்று, அழகிய சான்றிதழ் ஒன்றோடு வீடு திரும்பினான். அந்நிலையத்தின் பெயர் ஈண்டு வேண்டா. கருவிகளின் பெயர்களையும், அவற்றுக்கு இடும் கட்டளைகளையும் அவன் வரிசையாக ஒப்பிப்பதைக் கேட்டு நானும் மகிழ்ந்தேன். வேலைக்கென நேர்காணச் சென்றவிடத்து அவனை ஒன்றே வினவினராம்: 'ஒருவர் பேச்சைக் கொண்டு செல்ல டெலிபோன் நிலையங்களில் நொடிக்கு 64,000 பிட் ஒதுக்குவது மரபு. அவ்வெண் எங்ஙனம் வந்தது?' எண்ணை அவன் அறிவான். அது வந்த வழியை அறியான். திரும்பி வந்துவிட்டான்.

அந்நிலையத்தாரை முதலில் மிகவும் நொந்துகொண்டேன். அன்றிரவு படுக்கையில், நன்னூற் சூத்திரங்களைப் பொருள் விளங்காமலே மாணவரைக் கொண்டு உருப்போடுவித்த என் பழைய ஆண்டுகள் நினைவுக்கு வந்தன. பிறரைக் குறைகூறும் வாய் தானே அடைத்துக்கொண்டது. மறுநாள் முதல் மாமனும் மருமகனுமாக மாலைதோறும் உட்கார்ந்து, தொடக்கத்தினின்றும் படிக்கலானோம். அங்ஙனம் படித்தவற்றுட் சிலவே இன்று யான் சொல்லப்போவன.

தொடக்கம் என்றது தந்தியை. நம் நாட்டில் 1850-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கும் டயமண்டு ஹார்பருக்கும் இடையே ஓஷானசி என்னும் மருத்துவரின் மேற்பார்வையில் தந்திக்கம்பி இடும் வேலை நடந்தது. 2013-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் இரவோடு நம் அரசாங்கத்தின் தந்திச் சேவை முடிவுற்றது. முடிந்துபோன ஒன்றை ஏன் படிக்கவேண்டுமென மருமகன் கேட்டான். இன்றைய தரவு வலைகளுக்கு வித்து டெலிபோனன்று, தந்தியே என்பது படித்த பின்னரே எங்கள் இருவர்க்கும் புலனாயிற்று. தந்தியில் மின்சாரம் ஒன்று ஓடும், அன்றி ஓடாது, இரண்டே நிலை. கணிப்பொறிக்கும் அவ்விரண்டே. நெடுந்தொலைவுச் செய்தியை இடையிலுள்ள நிலையத்தார் வாங்கி எழுதிவைத்து, வழி ஒழிந்தபோது அடுத்த நிலையத்துக்குத் திருப்பி அடிப்பர். இக்காலத்து ரௌட்டர் என்னும் கருவி செய்வதும் அதுவே. இடையிலிருந்த குமாஸ்தா ஒருவர்தாம் இல்லை.

தமிழாசிரியனுக்கு இங்கே ஒரு சுவை. மோர்ஸ் முறையில் குறுங்குறிக்கு ஓரளவு. நெடுங்குறிக்கு அதனின் மும்மடங்கு. நம் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஆகவே அந்த நெடுங்குறி நெடிலன்று, அளபெடை! இதை வகுப்பிற் சொன்னபோது, அளபெடையை அன்றுவரை மறந்து மறந்து போன மாணவனும் அதன்பின் மறந்திலன்.

அடுத்தது டெலிபோன். பெல் என்பார் 1876-இல் அதற்கு உரிமை பெற்றார். 1882-ஆம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் டெலிபோன் நிலையங்கள் திறக்கப்பட்டன. நிலையம் என்பது எதற்கு? நூறு பேர் தம்முள் ஒருவரோடொருவர் பேச வேண்டி, ஒவ்வோர் இணைக்கும் ஒரு கம்பி கட்டினால் 4,950 கம்பிகள் வேண்டும். நடுவே ஒரு நிலையம் இருப்பின் நூறு கம்பிகள் போதும். இக்கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடுவான். ஆயினும் தொலைத்தொடர்புக் கலையின் பெரும்பகுதி இக்கணக்கின் மேல் நிற்கின்றது.

நிலையத்தில் முதலில் ஆட்களே கம்பியைக் கம்பியோடு இணைத்தனர். அமெரிக்காவில் பிணச்சடங்குத் தொழில் நடத்திய ஸ்ட்ரோஜர் என்பார், தமக்கு வரும் அழைப்புக்களை நிலையத்துப் பெண்மணி தம் போட்டியாளர்க்குத் திருப்பிவிடுகின்றாள் எனச் சினந்து, ஆளில்லாமல் தானே இணைக்கும் பொறியை ஆக்கினார் என்று கதை சொல்லுவர். கதை எவ்வாறாயினும், 1891-இல் அவர் உரிமை பெற்றது மெய். நாம் எண்ணைச் சுழற்றச் சுழற்ற அப்பொறி படிப்படியாக ஏறித் திரும்பி நமக்குரிய கம்பியைத் தொடும்.

இன்னொரு செய்தி. வீட்டில் மின்சாரம் நின்றபோதும் பழைய கம்பி டெலிபோன் பேசியதைப் பெரியோர் பார்த்திருப்பீர்கள். அக்கருவிக்கு வேண்டிய மின்சாரம் வீட்டிலிருந்து வாராது. நிலையத்திலுள்ள 48 வோல்ட்டு மின்கல அடுக்கிலிருந்து அக்கம்பி வழியே வரும். அந்த அடுக்கின் நேர்முனையை மண்ணோடு இணைப்பர், ஈரத்தாற் செப்புக்கம்பி அரிக்கப்படுதல் குறையுமென்று. ஆதலின் நூல்களில் அது கழித்தற்குறியிட்டு எழுதப்படும். மருமகன் அக்குறியை அச்சுப்பிழை என்று அடித்துத் திருத்தியிருந்தான்.

இனி அந்த 64,000. டெலிபோன் மனிதக் குரல் முழுவதையும் கொண்டு செல்வதில்லை. நொடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 வரையுள்ள அதிர்வுகளையே செல்லவிடும். பொருள் விளங்க அதுவே போதும் என்று பழங்காலத்துப் பொறியாளர் தீர்மானித்தனர். ஸகரம் முதலிய உரசொலிகளின் வலு பெரும்பாலும் இவ்வெல்லைக்கு மேலே உள்ளமையாற்றான், பழைய டெலிபோனிற் பெயர் சொல்லும்போது ஒலி மயங்கி, 'இன்னாருடைய முதலெழுத்து' என்று விளக்கவேண்டியதாயிற்று. சற்று இடம் விட்டு எல்லையை 4,000 என்று கொண்டனர். ஓர் அலையைச் சிதையாமல் மீட்டெடுக்க வேண்டின், அதன் மேலெல்லை அதிர்வெண்ணின் இருமடங்கு தடவையேனும் அதனை அளத்தல் வேண்டும் என்பது விதி. நைக்விஸ்ட் என்னும் அறிஞர் பெயரால் அது வழங்கும். எனவே நொடிக்கு 8,000 அளவைகள். ஒவ்வோர் அளவையையும் 256 படிகளுள் ஒன்றாகக் குறிப்பர். 256 படிகளைச் சுட்ட எட்டு பிட் வேண்டும். எட்டாயிரத்தை எட்டாற் பெருக்குக. 64,000 வந்துவிட்டது!

மாத்திரை என்பது கண்ணிமைப் பொழுது என்று நம் இலக்கணிகள் கொண்டனர். கண்ணிமைக்க நொடியிற் பத்திலொரு பங்கே ஆகும் என்று கொண்டாலும், ஒரு குற்றெழுத்தை ஒலிக்குமுன் அப்பொறி 800 தடவை அளந்து முடிக்கின்றது. ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1937-ஆம் ஆண்டளவில் இம்முறையைக் கண்டார். எனினும் அக்காலத்து வெற்றிடக் குழாய்களைக் கொண்டு மலிவாகச் செய்ய இயலாமையின், டிரான்சிஸ்டர் வந்த பின்னரே அது பெருவழக்காயிற்று.

பேச்சு எண்ணாகிவிட்ட பின்னர், ஒரே கம்பியிற் பலர் பேச்சை முறைவைத்து அனுப்பலாம். நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் கொண்ட அமைப்பிற் பங்கு 32. அவற்றுள் முப்பது பேச்சுக்கு, ஒன்று காலவொழுங்குக்கு, மற்றொன்று யார் யாரை அழைக்கின்றார் என்னும் குறிப்புக்கு. 32-ஐ 64,000-ஆற் பெருக்கினால் 20,48,000. இவ்வெண்ணும் அச்சான்றிதழ்ப் பாடத்தில் இருந்தது, தாயில்லாப் பிள்ளையாக.

இதுகாறும் சொன்ன முறையில், இருவர் பேசி முடியும்வரை வழி அவர்களுக்கே உரியது. அவர்கள் வாய் மூடியிருந்தாலும் பிறர்க்கு இடமில்லை. 1960-களில் அமெரிக்காவில் பால் பாரனும் இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸும் தனித்தனியே வேறொரு முறை கண்டனர். செய்தியைச் சிறு பொட்டலங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதி அனுப்பிவிடுக; எது எவ்வழியே சென்றாலும் முடிவிடத்தில் வரிசைப்படுத்திக்கொள்ளலாம் என்பது அது. 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் கலிபோர்னியாவில் இரண்டு கணிப்பொறிகளுக்கிடையே முதற் செய்தி சென்றது. ஐந்தெழுத்துச் சொல்லில் இரண்டெழுத்துப் போனவுடன் மறுபுறத்துப் பொறி நின்றுவிட்டது. இன்றைய இணையத்தின் பிறப்பு அத்தகையது. முதல் முயற்சியிலே தோற்ற பிள்ளைகள் இதனை அறிதல் நலம்.

பேச்சுக்கும் தரவுக்கும் வேண்டுவன வேறு வேறு. வங்கிக் கணக்கில் ஒரு சுழி காணாமற் போனால் குடிகெடும். அரை நொடி தாமதித்தால் ஒன்றும் இல்லை. பேச்சில் ஓரசை தேய்ந்தால் காது தானே நிரப்பிக்கொள்ளும், தாமதமோ பொறுக்காது. ஒரு வழிக்கு நொடியில் ஆயிரத்தில் 150 பங்குக்கு மேற்பட்டால் உரையாடலில் இடர் தோன்றத் தொடங்கும் என்பது பொறியாளர் கணக்கு. பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டரில் நிற்கும் துணைக்கோள் வழியாகப் பேசினால், ஒலி ஏறி இறங்கவே கால் நொடி ஆகிவிடும். சென்னையினின்று சிங்கப்பூருக்குக் கடலடியில் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் இட்ட கண்ணாடியிழையிலோ, ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லுமாதலின், ஆயிரத்தில் 16 பங்கே. பொருள் தேடிக் கடல் கடந்த நம்மவர் தம் வீட்டாரோடு பேசும் பேச்சு வானத்திற் செல்கின்றது என்றே பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் மீன்களுக்கடியில் செல்கின்றது.

பேச்சையும் பொட்டலமாக்கும் காலம் இது. நொடிக்கு ஐம்பது பொட்டலம் என்று கொள்க. ஒன்றில் 160 பைட் பேச்சு. அதன்மேல் எழுதும் முகவரி முதலியவற்றுக்கு மட்டும் 40 பைட். ஆகவே 64,000 வேண்டிய பேச்சுக்கு 80,000 வேண்டியதாகின்றது. கடிதத்தோடு உறைக்கும் கூலி கொடுத்த கதை. இதைக் குறைக்க என்ன செய்யலாம் என்று மாணவரைக் கேளுங்கள். பொட்டலத்தைப் பெரிதாக்கலாம் என்பார்கள்; ஆக்கினால் அது நிறையும்வரை காத்திருக்கத் தாமதம் ஏறும். இந்த இழுபறியை உணர்ந்தவன் எக்கருவியையும் பின்னர்க் கற்றுக்கொள்வான். கருவி மாறும், இழுபறி மாறுவதில்லை.

என் மருமகன் மூன்று திங்களுக்குப் பின் மறுபடியும் நேர்காணச் சென்றான். இம்முறை வேறு இடம், வேறு வினாக்கள். இரண்டுக்கு விடை தெரியவில்லையாம். 'தெரியாது, ஆனால் இவ்வாறு கணக்கிடலாம்' என்று தாளெடுத்துப் போட்டுக் காட்டினானாம். வேலை கிடைத்தது. சம்பளம் சிறிது, அவன் அதைப் பெரிதாகக் கருதவில்லை.

நிர்வாக சபையாருக்கு ஒரு விண்ணப்பம். நம் நிதி ஏழைப் பிள்ளைகளுக்கென்று முன்னோர் சேர்த்தது. அதனைச் சான்றிதழின் விலையாகக் கொடாது, ஒரு பாடத்தின் காரண காரியத்தைத் தம் சொல்லால் விளக்கவல்ல பிள்ளைகளுக்கே தரும்படி விதி செய்தல் வேண்டும். விளக்கத் தெரியாதாரைத் தள்ளிவிடாமல், அவர்கட்கு முதலிற் கற்பிக்கவும் வேண்டும். பெண்பிள்ளைகளின் விண்ணப்பங்கள் ஆண்பிள்ளைகளின் விண்ணப்பங்களுக்குப் பின்னர் எடுக்கப்படும் வழக்கத்தையும் இத்தோடு நிறுத்துக. இது கேட்டுச் சிலர் முகஞ் சுளிப்பதைப் பார்க்கின்றேன், சுளிக்கட்டும்.

சங்கக் கட்டடத்தின் மேல்மாடி ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வெறுமனே கிடக்கின்றது. அடுத்த ஞாயிறு நான்கு மணிக்கு வகுப்புத் தொடங்கும்; என் மருமகன் நடத்துவான்; யான் கரும்பலகை துடைப்பேன். பரணில் பழைய டெலிபோன் கருவி வைத்திருப்போர் அதனைக் கொடுத்துதவுக. இரண்டு கருவியும் சிறிது கம்பியும் மின்கலமும் இருந்தால், மாடிக்கும் கீழ்க்கூடத்துக்கும் இடையே பிள்ளைகள் தாமே பேசிப் பார்ப்பார்கள்.