தலைமாட்டில் இருந்த அடை

இன்று பட்டம் பெறும் ஆற்றுப்படுத்துநர்களே!

நான் போதகர் வீட்டுப் பெண். மருத்துவ உளவியல் பயிற்சிக்குச் சேர்ந்தபோது வேதாகமமும் பாடப்புத்தகமும் ஒரே பையில் இருந்தன. முதல் மாதத்தில் ஒரு அக்கா என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். ஐந்து வயது மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. 'விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு' என்று யாரோ சொல்ல, சாப்பிட்டுவந்த மாத்திரையையும் நிறுத்தியிருந்தார். சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக உட்கார்ந்திருந்தார். அழத் தொடங்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஜெபிப்போமா அக்கா?" என்று கேட்டேன். பதிலுக்குக் காத்திராமல் கண்ணை மூடிவிட்டேன். நீளமான ஜெபம். அவர் ஆமென் சொன்னார், கும்பிட்டார், போனார். அடுத்த வாரம் வரவில்லை.

என் மேற்பார்வையாளர் பதிவேட்டைப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "அந்த ஜெபம் யாருக்காகம்மா?" அன்று இரவு விடுதியில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த அழுகையை நிறுத்தத்தான் ஜெபித்திருக்கிறேன் என்று விடியும்போது புரிந்தது.

மூன்று வாரம் கழித்து அவரே வந்தார். தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். இருபது நிமிடம் போனது. தலைப்பை விரலிலிருந்து விட்டார். "எனக்கு ஆண்டவர் மேல கோபம். இத நான் யார்ட்ட சொல்ல?" என்றார். முதல் நாள் என் ஜெபம் சொல்லவிடாமல் தடுத்த வார்த்தை இதுதான். பிறகு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார். பல மாதம் கழித்து ஒரு நாள், "இன்னைக்கு ஜெபிக்கலாமா?" என்று அவரே கேட்டார். அன்று ஜெபித்ததும் அவர்தான்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்ட கதை உங்களுக்குத் தெரியும். அங்கே வந்த தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. எலியா தின்றுவிட்டு மறுபடி படுத்தார். தூங்க விட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். கேள்வி பிறகுதான், ஓரேப் மலையில். அங்கே ஆண்டவர் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டார். எலியா ஒரே முறையீட்டை இரண்டு தரம் சொன்னார். 'முன்னமே சொன்னாயே' என்று ஆண்டவர் இடைமறிக்கவில்லை. விசுவாசத்தையும் உளவியலையும் எப்படி இணைப்பது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் முதல் பாடம் இந்த அதிகாரம்தான்.

இந்தப் பாடத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர் 1920-இல் தாமே மனநோயாளியாக மருத்துவமனையில் இருந்தவர். குணமானபின், 1925-இல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை அழைத்துப் போனார். நூல்களைப் படிப்பது போலவே துன்பப்படும் மனிதரையும் ஊன்றிப் படிக்க வேண்டும் என்றார். நம் பக்கத்திலும் இதற்கு ஒரு உதாரணம் உண்டு. நம் வேலூரில், பாகாயத்தில், சிஎம்சி மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் தொடங்கியது. மருத்துவர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் காலத்திலிருந்து அங்கே நோயாளியோடு குடும்பமும் தங்குகிறது.

தேவை எவ்வளவு என்று பாருங்கள். தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில், வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருந்தது. பெரும்பாலான நோய்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை. இவர்களில் எத்தனையோ பேர் வேறொரு வாசலில் நிற்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயாவுக்காகக் காத்திருப்பவர்களைப் போய்ப் பாருங்கள். அந்த வாசலுக்கும் மருத்துவமனை வாசலுக்கும் நடுவே கைபிடித்து நடத்திப்போக ஆள் வேண்டும். அதற்குத்தான் உங்களைப் பயிற்றுவித்திருக்கிறார்கள்.

மூத்தவள் என்ற உரிமையில் நான்கு விஷயம் சொல்கிறேன். வருபவர் எதை நம்புகிறார் என்று கேளுங்கள். உங்கள் நம்பிக்கையை அவர் மேல் ஏற்றாதீர்கள். வேறு மதத்தவரோ கடவுளை நம்பாதவரோ வந்தால், அவருக்கும் அதே நாற்காலி, அதே நேரம். மருந்தை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு அதிகாரமில்லை. உங்களிடம் சொன்னதை, பெயரை மறைத்துக்கூட, ஜெபக்குறிப்பாகச் சபைக்குக் கொண்டுபோகாதீர்கள். கிராமத்தில் பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்படியானால் நம் விசுவாசம் எதற்கு என்று கேட்பீர்கள். இருபது நிமிடம் பேசாமல் இருக்க எனக்குத் துணிவு தந்தது அதுதான். அந்த அறையில் நான் மட்டும் இல்லை என்று நம்பியதால்தான் அவசரப்படாமல் இருந்தேன்.

நாளை உங்கள் முன்னும் ஒருவர் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவராக விடும்வரை கூட இருங்கள். ஆண்டவர் உங்கள் காதுகளை ஆசீர்வதிப்பாராக. வாழ்த்துகள், பிள்ளைகளே.