பழைய விமானம் வாங்கலாமா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தலைப்பைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. "அண்ணாச்சி, பழைய ஸ்கூட்டர் வாங்கவே யோசிக்கிறோம்" என்றார் ஒருவர். ஆனால் அமெரிக்காவில் இருக்கும் நம்ம செட்டு நண்பர்கள் நாலு பேர், ஆளுக்கு ஒரு பங்கு போட்டுப் பழைய செஸ்னா 172 ஒன்றை வாங்கப் பேசி முடித்துவிட்டார்கள். அடுத்த மாதம் முன்பணம். அதில் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பறக்கப் போகிறார்கள். நாலு பேரும் இந்த அரங்கில்தான் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பேச்சு.

ஒற்றை இன்ஜின் சின்ன விமானம் விளையாட்டுச் சாமான் இல்லை. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது புஸ் மாத் என்ற ஒற்றை இன்ஜின் விமானத்தில்தான். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதை ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். இந்திய விமானப் போக்குவரத்தே அப்படித்தான் தொடங்கியது.

செஸ்னா 172 முதலில் பறந்தது 1955-இல். இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். 1986-இல் தயாரிப்பு நின்று, பத்து வருஷம் கழித்துத் திரும்ப ஆரம்பித்தது. ஆகவே சந்தையில் சல்லிசாகக் கிடைப்பவை பெரும்பாலும் எழுபதுகளில் செய்தவை. என்னை விட வயதில் மூத்தவை!

பழைய கார் வாங்கும்போது "டாக்டர் வச்சிருந்த வண்டி சார், ஓடவே இல்லை" என்பார்கள். விமானத்தில் அந்தப் பேச்சைக் கேட்டால் உஷாராகிவிட வேண்டும். இதில் பெரும்பாலும் இருப்பது லைகமிங் இன்ஜின். அதன் கேம் ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் எண்ணெய் கீழே வடிந்து, கேம் துருப்பிடிக்கும். 2,000 மணி நேரம் அல்லது 12 வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது ஓவர்ஹால் செய் என்கிறது கம்பெனி. பதினைந்து வருஷத்தில் 300 மணி நேரமே ஓடிய இன்ஜின் புதுசு மாதிரித் தோன்றும். எனக்கு அதைவிட, வாரம் தவறாமல் பறந்த 1,200 மணி நேர இன்ஜின் மேல். ஓவர்ஹால் என்றால் 30,000 டாலருக்கு மேல் போகும். விலை பேசும்போதே அதைக் கழித்துப் பேசுங்கள்.

சிலிண்டருக்குள் 80 பி.எஸ்.ஐ. காற்றைச் செலுத்தி எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எழுபதுக்கு மேல் நின்றால் சந்தோஷம். அறுபதுக்குக் கீழே போனால் காரணம் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்தால், உள்ளே உலோகத்தூள் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அலுமினியம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மத்தாப்பின் வெள்ளை வெளிச்சமே அலுமினியப் பொடிதான். விமானத்திலோ அந்த வெள்ளைப் பொடி கெட்ட சகுனம். ரிவெட் ஓரத்தில், பெயிண்ட் கொப்பளித்த இடத்தில் கண்டால் தகடு அரிக்கிறது என்று அர்த்தம். ரிவெட்டைச் சுற்றிக் கறுப்பாகக் கோடு இழுத்திருந்தால் அது தளர்ந்து ஆடுகிறது. கடற்கரை ஊரில் நின்ற விமானத்தை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும். பட்டாசுக்கு உகந்த நம்ம ஊர்க் காய்ச்சல் விமானத்துக்கும் நல்லதுதான்! அமெரிக்காவில் பழைய விமானங்களை அரிசோனா பாலைவனத்தில் நிறுத்தி வைப்பது அதனால்தான்.

இனி முக்கியமான சங்கதி, லாக் புக். சிவகாசிக்காரர்களுக்கு இதைச் சொன்னால் புரியும். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். ஏட்டில் ஒன்றும் கொட்டகையில் வேறொன்றும் இருந்தால் என்ன ஆகும் என்று நாம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. விமானத்திலும் ஆபத்தான பழுதுகளுக்கு உத்தரவு வரும். நிறைவேற்றிய தேதி, மணி நேரம், கையெழுத்து எல்லாம் புத்தகத்தில் இருக்க வேண்டும். ஒரு உதாரணம். செஸ்னாவின் சீட் நகரும் தண்டவாளத்தில் துளைகள் தேய்ந்தால், ஏறும் நேரத்தில் சீட் சடாரென்று பின்னால் வழுக்கும். விமானி பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரமும் கூடவே வரும்; மூக்கு மேலே தூக்கும், வேகம் குறையும், தூக்குவிசை போய்விடும். இப்படிச் செத்தவர்கள் உண்டு. 1987-இல் உத்தரவு போட்டார்கள், 2011-இல் புதுப்பித்தார்கள். விற்கிறவர் "அதெல்லாம் பார்த்தாச்சுங்க" என்றால் போதாது. பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். நடுவில் ஒரு புத்தகம் "தொலைந்துவிட்டது" என்றால், எழுந்து வந்துவிடுங்கள்.

பரிசோதிக்கும் மெக்கானிக் விற்பவருடைய ஆளாக இருக்கக் கூடாது. இதைச் சொல்லவே வேண்டாம், இருந்தாலும் சொல்கிறேன்.

"இங்கேயே கொண்டுவந்து வைக்கலாமே?" என்று ஒரு தம்பி கேட்டார். அது அவ்வளவு எளிதில்லை. டி.ஜி.சி.ஏ. அனுமதி, வி.டி. எழுத்தில் பதிவு, லைசென்ஸ் பெற்ற பராமரிப்பு இன்ஜினீயர் எல்லாம் வேண்டும். நமக்குப் பக்கத்து விமான நிலையம் மதுரை. கயத்தாற்றில் போர்க்காலத்து ஓடுதளம் உண்டு. ஆனால் தளம் இருப்பது வேறு, இறங்க உரிமை இருப்பது வேறு. எரிபொருளும் நம்ம பங்கில் கிடைக்காது. ஆவ்காஸ் என்ற தனி பெட்ரோல். 2022-இல்தான் இந்தியன் ஆயில் வடோதராவில் அதைத் தயாரிக்கத் தொடங்கியது, அதுவரை இறக்குமதிதான்.

அந்த நாலு பேரும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லாக் புக் நகலோடு வந்தால், கூட உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்க்கத் தயாராக இருக்கிறேன். ஆர்வமுள்ள மாணவர்களும் வரலாம்.