கேமரா யாரைப் பார்த்தது?

(இணையவழி இலக்கியக் கூட்டத்தில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஜெர்மனியில் தொலைக்காட்சிக்காகப் படம்பிடிக்கப்பட்ட ஜாஸ் கச்சேரிகளைப் பற்றிப் பேசப்போகிறேன். இலக்கியக் கூட்டத்தில் இதற்கு என்ன இடம் என்று சிலருக்குத் தோன்றலாம். நான் கொலோன் நகரில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். இந்த நாடு, தன் மண்ணில் பிறக்காத ஓர் இசையை எவ்வளவு அக்கறையாகப் படம்பிடித்து வைத்திருக்கிறது என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம்முடைய நாதஸ்வரக்காரர்களின் நினைவு வந்துவிடுகிறது. அந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பார்க்கத்தான் இந்த உரை.

ஜாஸ் கேட்டுப் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு பாட்டின் மெட்டை எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் அதை அப்படியே வாசிக்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராக, அந்த நேரத்தில் தோன்றுவதை வாசித்து அதை வளர்க்கிறார்கள். மற்றவர்கள் பக்கவாத்தியமாக நின்று பிடித்துக்கொடுக்கிறார்கள். நமக்கு இது புதிதில்லை. இதற்கு மனோதர்மம் என்று நம்மிடம் பெயரே இருக்கிறது. நம்முடையது ராகத்துக்குள் நடக்கிறது, அவர்களுடையது சுரக்கூட்டுகளின் வரிசைக்குள் நடக்கிறது. ஆனால் நேற்று வாசித்தது இன்று வராது என்பது இரண்டுக்கும் பொது. அதனால் பதிவு செய்வது என்பது இந்த இசைகளில் வாழ்வா சாவா என்கிற விஷயம்.

ஜெர்மனிக்கு ஜாஸோடு ஒரு பழைய கணக்கு உண்டு. 1935 அக்டோபரில் நாஜி அரசு ஜெர்மன் வானொலியில் ஜாஸைத் தடை செய்தது. கறுப்பின மக்களின் இசை, யூதர்கள் பரப்பும் இசை என்பது அவர்கள் சொன்ன காரணம். பத்தாண்டுகள் கழித்து நாடு இடிபாடுகளாகக் கிடந்தபோது, பிரெஞ்சுப் படைகளின் பொறுப்பில் இருந்த தென்மேற்குப் பகுதியில், பாடன்-பாடன் என்ற சிறிய ஊரில் ஒரு வானொலி நிலையம் தொடங்கியது. சூட்வெஸ்ட்ஃபுங்க் என்று பெயர். அதன் ஆரம்ப காலத்திலிருந்தே அங்கே இருந்தவர் யோவாகிம் எர்ன்ஸ்ட் பேரென்ட். 1922-ல் பிறந்தவர். அவருடைய தந்தை ஒரு புராட்டஸ்டன்ட் போதகர், நாஜிகளை எதிர்த்ததால் டாஹாவ் வதைமுகாமில் 1942-ல் இறந்தவர். அந்தத் தந்தையின் மகன், தடை செய்யப்பட்ட அதே இசையை அதே வானொலி அலைகளில் கொண்டுவந்தார். 1953-ல் அவர் எழுதிய ஜாஸ் புத்தகம் பல மொழிகளுக்குப் போனது. 1955 முதல் 1972 வரை தொலைக்காட்சியில் ஒரு தொடர் நடத்தினார். அதன் பெயரைத் தமிழில் 'கேட்டதும் பார்த்ததுமாக ஜாஸ்' என்று சொல்லலாம். கேட்பது மட்டும் போதாது, பார்க்கவும் வேண்டும் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

அந்தத் தொடருக்காக 1961 டிசம்பர் 4 அன்று பாடன்-பாடன் ஸ்டுடியோவில் ஜான் கோல்ட்ரேன் குழு வாசித்தது. கோல்ட்ரேன் சாக்ஸஃபோன், எரிக் டால்ஃபி, பியானோவில் மெக்காய் டைனர், பாஸில் ரெஜி வொர்க்மேன், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ். ஒரு மாதம் முன்புதான் கோல்ட்ரேன் நியூயார்க்கில் 'இந்தியா' என்ற தன் படைப்பைப் பதிவு செய்திருந்தார். அந்த நாட்களில் நம் இசையை ஆழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

இந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இசைத்தட்டில் அதே பாட்டைக் கேட்டால் ஒலி இருக்கிறது. படத்தில், கோல்ட்ரேன் எங்கே மூச்செடுக்கிறார் என்று தெரிகிறது. டால்ஃபி புல்லாங்குழலை எடுக்கும்போது மற்றவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்று தெரிகிறது. எல்வின் ஜோன்ஸின் கைகளும் கால்களும் தனித்தனிக் கணக்கில் போய்க்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்க்கும்போதுதான், காதில் விழுந்த அந்த வேகம் ஒரு மனித உடம்பிலிருந்து வருகிறது என்பது புரிகிறது. டால்ஃபி 1964 ஜூனில் மேற்கு பெர்லினில் இறந்தார், வயது 36. கோல்ட்ரேன் 1967-ல் இறந்தார், வயது 40. அந்த ஸ்டுடியோவில் யாரோ ஒருவர் கேமராவை இயக்கியதால் இன்று அவர்களைப் பார்க்க முடிகிறது.

கேமரா வைப்பது எளிது. எங்கே திருப்புவது என்பதுதான் கடினம். மேற்கத்திய செவ்வியல் கச்சேரியை ஒளிபரப்பும்போது இயக்குநர் கையில் இசைக்குறிப்பு இருக்கும். நாற்பதாவது வரியில் ஓபோ நுழைகிறது என்றால், முப்பத்தொன்பதாவது வரியிலேயே கேமரா அங்கே போய்விடும். ஜாஸில் அப்படி எழுதிவைத்த தாள் கிடையாது. அடுத்து யார் எடுக்கப்போகிறார் என்பது மேடையில் ஒரு கண்ஜாடையில் தீர்மானமாகிறது. ஓ.பி. வேனுக்குள் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் இயக்குநர் அந்தக் கண்ஜாடையைப் பிடிக்க வேண்டும். அதாவது அவரும் ஒரு பக்கவாத்தியக்காரர்போலக் கேட்க வேண்டும். நம் தொலைக்காட்சிகளில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேமரா சபையில் உட்கார்ந்திருக்கும் பட்டுப்புடவைகளைத் தேடிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கேட்காத கேமரா அப்படித்தான் அலையும்.

இன்னும் இரண்டு பதிவுகள். 1967 நவம்பர் 7, கார்ல்ஸ்ரூஹ நகரம். மைல்ஸ் டேவிஸ், வெய்ன் ஷார்ட்டர், ஹெர்பி ஹான்காக், ரான் கார்ட்டர், டோனி வில்லியம்ஸ். மேற்கு ஜெர்மனியில் வண்ண ஒளிபரப்பு தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, இந்தப் படம் கறுப்பு வெள்ளை. 1969 நவம்பர் 7, பெர்லின் பில்ஹார்மனி அரங்கம். பேரென்ட் 1964-ல் தொடங்கிய பெர்லின் ஜாஸ் விழா. மைல்ஸும் ஷார்ட்டரும் இருக்கிறார்கள், மற்ற மூவரும் மாறிவிட்டார்கள்: சிக் கொரியா, டேவ் ஹாலண்ட், ஜாக் டிஜானெட். படம் வண்ணத்தில். பியானோ இருந்த இடத்தில் மின்பியானோ. சரியாக இரண்டே வருடம். ஒரு கலைஞன் தான் கட்டிய வீட்டைத் தானே இடித்துவிட்டு வேறு இடத்துக்குக் குடிபோவதை இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் உணரலாம்.

அந்த 1969 ஐவர் குழு, ஐவராக மட்டும் ஸ்டுடியோவுக்குள் போய் ஒரு இசைத்தட்டும் செய்யவில்லை. அதனால் ரசிகர்கள் அதைத் 'தொலைந்துபோன ஐவர்' என்றே அழைத்தார்கள். தொலையாமல் காப்பாற்றியது வானொலிகளும் தொலைக்காட்சிகளும் எடுத்த மேடைப் பதிவுகள்தான். கார்ல்ஸ்ரூஹ படம் 2011-லும் பெர்லின் படம் 2013-லும் டிவிடியாக வெளிவந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் யாரோ பெட்டியில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு கேமரா இருந்தது. 1965 மார்ச்சில் லூயி ஆம்ஸ்ட்ராங் கிழக்கு ஜெர்மனிக்கு வந்தார். அந்த மாதம் 7-ம் தேதிதான் அமெரிக்காவின் செல்மா நகரில், வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. ஆம்ஸ்ட்ராங் அதைக் கோபன்ஹேகனில் கடுமையாகக் கண்டித்துப் பேசியிருந்தார். கிழக்கு பெர்லினில் பத்திரிகையாளர்கள் அதையே கேட்டபோது பிடிகொடுக்காமல் பேசினார். தன் துயரத்தை இன்னொரு அரசின் பிரச்சாரத்துக்குக் கொடுக்க அவர் விரும்பவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் 22-ம் தேதி ஃப்ரீட்ரிஷ்ஸ்டட்-பலாஸ்ட் அரங்கில், 1929-ல் தான் பதிவு செய்த 'பிளாக் அண்ட் ப்ளூ' பாடலை எடுத்தார். கறுப்பாகப் பிறந்ததற்கு நான் செய்த பாவம் என்ன என்று கேட்கும் பாட்டு அது. கிழக்கு ஜெர்மன் தொலைக்காட்சி அதைப் படம்பிடித்தது. எப்போதும் பல்வரிசை தெரியச் சிரிக்கும் முகம் என்று உலகத்துக்குப் பழக்கமான அந்த முகத்தை அந்தப் பாட்டில் பாருங்கள். பேட்டியில் சொல்லாததை முகம் சொல்கிறது. ஒலிநாடா மட்டும் இருந்திருந்தால் இது நமக்குக் கிடைத்திருக்காது.

இதற்கு மறுப்பாகச் சொல்லக்கூடிய ஒரு பதிவு நான் வசிக்கும் ஊரிலேயே நடந்தது. 1975 ஜனவரி 24 இரவு, கொலோன் ஓபரா அரங்கில் கீத் ஜாரெட் தனியாக வாசித்த பியானோ கச்சேரி. ஏற்பாடு செய்தவர் வேரா பிராண்டஸ், பதினெட்டு வயதுப் பெண். மேடைக்கு வந்ததோ தவறான பியானோ. சிறியது, மேல்ஸ்தாயி தகரம்போல ஒலித்தது, கீழ்ஸ்தாயியில் பலமில்லை. வாசிக்க மாட்டேன் என்று சொன்ன ஜாரெட் கடைசியில் வாசித்தார். குறையுள்ள பியானோவில் எது ஒலிக்குமோ அதை வைத்தே ஒரு மணி நேரத்துக்கும் மேல். மியூனிக்கின் இசிஎம் நிறுவனம் வெளியிட்ட அந்த இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றது. அதற்கு ஒளிப்பதிவு கிடையாது. ஒலி மட்டும்தான். படம் இல்லாமலும் அது நிற்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஐம்பது ஆண்டு கழித்து, 2025-ல், அந்த இரவைப் பற்றி ஒரு சினிமா எடுத்தார்கள். நடிகர்களை வைத்துத்தான் எடுக்க முடிந்தது. படம் இல்லாத இடத்தை யாரோ ஒரு நடிகர் வந்து நிரப்புகிறார்.

இங்கேதான் நான் ஊருக்கு வருகிறேன். 1962-ல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு நாதஸ்வரம் போட்டி போடும் அந்தப் பாட்டு நம் எல்லோருக்கும் தெரியும். வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம். திரையில் நாதஸ்வரத்தை ஏந்தியிருப்பவர் ஜெமினி கணேசன். கோல்ட்ரேன் பாடன்-பாடனில் வாசித்த அதே காலம். நம்மிடம் கேமரா இருந்தது, நல்ல விளக்கு இருந்தது, தேர்ந்த ஒளிப்பதிவாளர்கள் இருந்தார்கள். காருகுறிச்சியாரும் இருந்தார். கேமரா நடிகரைப் பார்த்தது. சினிமா என்ற வகையில் அதில் தவறு சொல்ல முடியாது, கதாநாயகன் அவர்தான். ஆனால் காருகுறிச்சியார் 1964-ல் மறைந்துவிட்டார், டால்ஃபி இறந்த அதே வருடம். டால்ஃபியின் விரல்கள் புல்லாங்குழலில் ஓடுவதை நான் இன்று பார்க்கலாம். காருகுறிச்சியாரின் விரல்களை நான் பார்த்தது புகைப்படங்களில்தான். சென்னையில் தொலைக்காட்சி வந்தது 1975 ஆகஸ்ட் 15. அவருக்குப் பதினோரு வருடம் தாமதம்.

பணம் இருந்தது, செய்தார்கள் என்று ஜெர்மனியைப் பற்றிச் சொல்லிவிடலாம். பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இங்கே ஒவ்வொரு வீடும் பொது ஒளிபரப்புக்குக் கட்டணம் கட்டுகிறது. 2021 முதல் மாதம் 18.36 யூரோ. ஜாஸ் பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரரும் கட்டுகிறார், கால்பந்து பார்க்காத நானும் கட்டுகிறேன். பார்வையாளர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஒரு ஜாஸ் கச்சேரிக்கும் கேமரா போகாது. 2020-ல் நோய்த்தொற்றுக் காலத்தில், மோயர்ஸ் என்ற சிறு நகரத்தின் விழா கூட்டமே இல்லாமல் நடந்தது. ஆர்டே தொலைக்காட்சியின் இணையதளம் அதை நாள்கணக்கில் நேரலையாகக் காட்டியது. ஒரு பாட்டு முடிந்ததும் கைதட்டல் வராமல் அமைதி மட்டும் இருக்கும். வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்த எனக்குக் கை தன்னால் தட்டியது.

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை உண்டு. தனியார் பத்திரிகை முதலாளிகளின் எதிர்ப்பால், 2009-ல் வந்த சட்டம் பொது ஒளிபரப்பு நிறுவனங்கள் தங்கள் நிகழ்ச்சிகளை இணையத்தில் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கெடு விதித்தது. ஏழு நாள் என்பது பொதுவான அளவு. 'டெபுப்ளிட்சீரென்' என்று ஒரு புதுச் சொல்லே ஜெர்மனில் பிறந்தது. வெளியிட்டதைத் திரும்ப வெளியிடாததாக ஆக்குவது என்று பொருள். 2019-ல் விதியைத் தளர்த்தினார்கள். ஆனாலும் உரிமைச் சிக்கல்களால் பல கச்சேரிகள் குறித்த தேதியில் மறைந்துவிடுகின்றன. படம்பிடித்தால் மட்டும் போதாது. பெட்டியில் வைத்திருப்பதும், பெட்டியைத் திறந்துவிடுவதும் தனித்தனி வேலைகள்.

நம்மிடம் இன்று கேமராவுக்குப் பஞ்சமில்லை. கோயில் திருவிழாவில் மல்லாரி வாசிக்கும்போது நூறு கைபேசிகள் உயர்கின்றன. ஒவ்வொன்றிலும் முப்பது விநாடி இருக்கும். வாசித்தவர் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, தேதி இருக்காது, ராகம் பாதியில் அறுந்திருக்கும். உங்களிடம் கேட்டுக்கொள்வது சிறிய விஷயம். உங்கள் ஊரில் இரவு வாசிக்க வரும் அந்த நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் அனுமதி கேட்டு, ஒரு முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஆலாபனையின் முதல் மூச்சிலிருந்து கடைசி வரை எடுங்கள். விரல்களைப் பாருங்கள். தவில் தனியின்போது கூட்டத்தைப் பார்க்காதீர்கள். கீழே இருவர் பெயரையும், ஊரையும், தேதியையும் எழுதுங்கள். ஒரு பிரதியை வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள். இதற்கு வானொலி நிலையமும் 18.36 யூரோவும் தேவையில்லை. கேட்கத் தெரிந்த ஒருவர் கேமராவுக்குப் பின்னால் நின்றால் போதும்.