விடுதலையா, விலங்கா?



நகரத்துப் பெண்கள் சிலர் சிகரெட்டைக் கையிலெடுப்பதேன்? நாகரிக மோகம் என்பர். அம்மோகத்தை மூட்டியவர் யார்? 1929ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் ஈஸ்டர் ஊர்வலத்திலே, அமெரிக்கப் புகையிலைக் கம்பனிக்காக எட்வர்ட் பெர்னேய்ஸ் என்னும் விளம்பர வித்தகர் பெண்களைப் புகைத்தபடி நடக்கச் செய்தார். சிகரெட்டுகளுக்கு 'விடுதலைத் தீவட்டிகள்' எனப் பெயர் பரப்பினார். சமத்துவ வேட்கை சரக்காயிற்று. தொடங்கியவரை விடாது பிணிப்பதோ நிக்கொட்டின் என்னும் நஞ்சு!

நம் மாத்தளைப் பெண்கள் பெரும்பாலும் புகைப்பதில்லை என மகிழ்வோமா? தோட்டங்களிலே உழைக்கும் நம் சகோதரிகள் பலரின் வெற்றிலையில் மடிந்திருப்பதும் அதே புகையிலைதான். நகரத்தவள் மனச்சுமை மறக்கப் புகைக்கிறாள். மலையகத்தவள் பசியும் களைப்பும் மறக்க மெல்லுகிறாள். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் விளைப்பதென உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வகம் 1985இலும், பாக்கு மட்டுமே அதற்குப் போதுமென 2004இலும் அறிவித்துள்ளது.

இலங்கையில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடுத்தது. களைப்பைத் தடுக்கும் சட்டம் எங்கே? பெண்களைப் பழிப்பது தீர்வாகாது. வயிறார உணவு, வேலையிடை ஓய்வு, நேரிய கூலி, தோட்டந்தோறும் வாய்ப் பரிசோதனை: இவற்றைக் கேட்போம், கேட்டுப் பெறுவோம்!